காபிக்கொட்டை அமிலம்: மார்வின் கணக்கும் டைட்ரேஷனும் ஏன் ஒத்துப்போகவில்லை

வணக்கம். ஏற்காடு காபிக்கொட்டையில் பிரித்த குளோரோஜெனிக் அமிலத்தின் பிகேஏ (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்; குறையக் குறைய வலிமை கூடும்) 3.3 என்கிறது மார்வின் (மூலக்கூறின் அமைப்பை வைத்து அதன் பண்புகளைக் கணிக்கும் மென்பொருள்), சேலத்தில் உங்கள் டைட்ரேஷனில் (காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து பிஎச் அளக்கும் சோதனையில்) 4.4 வருகிறது, மென்பொருள் தப்பா என்று கேட்டிருந்தீர்கள்.

தப்பில்லை. நீங்கள் பாதிக்குப் பாதி மெத்தனால் சேர்த்திருக்கிறீர்கள். மார்வின் கணிப்பது தண்ணீரில் உள்ள பிகேஏ. மெத்தனால் கூடக் கூட, உங்களுடையது போன்ற கார்பாக்சிலிக் அமிலத்தின் பிகேஏவும் ஏறும். பென்சாயிக் அமிலத்தையே பாருங்கள்: தண்ணீரில் 4.2, வெறும் மெத்தனாலில் 9க்கு மேல். போதாக்குறைக்கு, தண்ணீர் பஃபரில் (பிஎச் தெரிந்த கரைசலில்) சரிபார்த்த எலெக்ட்ரோடு அந்தக் கலவையில் காட்டும் பிஎச்சையும் அப்படியே நம்ப முடியாது.

தண்ணீரில் கரையாத பொருளென்றால் பல மெத்தனால் விகிதங்களில் அளந்து, வரும் கோட்டை மெத்தனால் பூஜ்ஜியமாகும் இடம்வரை நீட்டிப் பார்க்கச் சொல்வேன். உங்கள் அமிலம் தண்ணீரிலேயே நன்றாகக் கரையும், மெத்தனாலை விட்டுவிடுங்கள்.

அப்புறம், பிஎச் 8 தாண்டினால் கரைசல் காற்றுப்பட்டு நிறம் மாறும். அதே மூலக்கூறிலுள்ள ஃபீனால் பகுதியின் பிகேஏவும் வேண்டுமென்றால், காற்றுப் படாமலிருக்க நைட்ரஜன் செலுத்திக்கொண்டே அளங்கள்.