அண்ணா வீட்டுக் குளிர்

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 35 வயது. கணவர், 8 வயது மகன், 4 வயது மகள் ஆகியோருடன் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வாழ்கிறேன். கனடாவில் இருக்கும் என் அண்ணா விமானச் சீட்டு எடுத்து அனுப்பியதால், கடந்த மார்கழி விடுமுறையில் நாங்கள் நால்வரும் ரொறன்ரோவுக்குப் போய் மூன்று வாரம் நின்று வந்தோம். திரும்பி வந்து ஒன்றரை மாதமாகியும் மனம் ஆறவில்லை. இரவில் நித்திரை வருவதில்லை.

எங்களை நிலக்கீழ் அறையில் தங்கவைத்தார்கள். அதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. பிள்ளைகளுக்கு ஸ்னோ காட்ட வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை கோலிங்வூட் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஓட்டம். என் பிள்ளைகளுக்கு அன்று போடக் கொடுத்தவை, அவர்களுடைய பிள்ளைகள் போட்டுக் கழித்த பழைய குளிர்ச்சட்டைகள். மகளின் சட்டையில் வேறு யாரோ ஒரு பிள்ளையின் பெயர்கூட எழுதியிருந்தது. அதையும் போட்டு வாகனத்தில் ஏற்றினால், இருக்கைப் பட்டியைப் பூட்டுமுன் சட்டையைக் கழற்றும்படி அண்ணி சொன்னார். ஊரில் இருந்து வந்த பிள்ளைகள் இருக்கையை ஊத்தையாக்கிவிடுவார்கள் என்று நினைத்தார் போலும்.

அங்கே பூச்சியத்துக்குக் கீழே 14 பாகை. மகன் பனியை அள்ளி விளையாடிக் கையுறை நனைந்து, விரல் நோகிறது என்று அழுதான். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, எல்லோரையும் உள்ளே வரச்சொல்லி அண்ணி சத்தமிட்டார், பிள்ளை வளர்க்க எனக்குத் தெரியாதது போல. அவரோ என்னிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாகனத்தை நோக்கி நடந்துவிட்டார். பெற்ற தாய் நான் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன்.

நான் பக்குவமாக வறுத்து இடித்துக் கொண்டுபோன மிளகாய்த்தூளும், பனங்கட்டியும், புழுக்கொடியலும் நாங்கள் புறப்படும் நாள்வரை கட்டு அவிழ்க்கப்படாமலே கிடந்தன. 1995 இல் போரினால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில், 6 வயதுப் பிள்ளையான என்னை மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை தோளில் சுமந்தவர், 1999 இல் வெளிநாடு போன பின் இப்போதுதான் நேரில் கண்டவர், விமான நிலையத்தில் "எப்பிடி இருக்கிறீங்கள்" என்று கேட்டார். மூன்று வாரமும் என்னோடு "நீங்கள்" என்றே கதைத்தார். அது வேறு விடயம். மிளகாய்த்தூளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்: வேண்டாம் என்றால் முன்பே சொல்லியிருக்கலாம் அல்லவா?

பேசாமல் விடு என்கிறார் கணவர். மகனோ, அடுத்த மார்கழியும் ஸ்னோவுக்குப் போவோமா என்று கேட்டு என் பேச்சை வாங்குகிறான். நடந்தது அவனுக்கு விளங்கவில்லை. பழைய சட்டை கொடுத்து எங்களைக் குறைவாக நடத்தியவர்களோடு உறவைத் தொடர வேண்டுமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மிளகாய்த்தூளுக்கு நடுவில் ஒரு நீண்ட வசனம் எழுதி, "அது வேறு விடயம்" என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். அதில் வேறு விடயமே இல்லை என்று எனக்குப் படுகிறது.

மற்றவற்றை முதலில் ஒதுக்கிவிடுகிறேன், ஏனெனில் அவற்றில் என்னால் உங்கள் பக்கம் நிற்க முடியாது. குளிர்நாடுகளில் பிள்ளைகளின் குளிர்ச்சட்டை ஒரு மாரிக்குத்தான் அளவாக இருக்கும், அடுத்த மாரிக்குச் சிறுத்துவிடும். ஆகவே, அக்காவின் பள்ளிக்கூடச் சட்டை தங்கைக்கு வருவது போல, அது வீடு வீடாகக் கைமாறும். தடித்த சட்டைக்கு மேல் பட்டியைப் பூட்டினால் இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும். விபத்து நேர்ந்தால் சட்டை நசிந்து பட்டி தளர்ந்துவிடும். அதனால் சட்டையைக் கழற்றிப் பூட்டிவிட்டு, மேலே போர்த்துவிடுவார்கள். சிறு பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட விரைவாகச் சூட்டை இழக்கும். நனைந்த கையுறை அதை இன்னும் விரைவாக்கும். மார்கழி விடியலில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான ஊரில் இருந்து போன உங்களுக்கு இவை தெரியாதிருந்ததில் குற்றமில்லை. ஆனால் உங்கள் அண்ணி அன்று உங்கள் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நீங்களோ அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நிலக்கீழ் அறையைப் பற்றியும் மிளகாய்த்தூளைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மிளகாய்த்தூள் விடயத்தில் உங்களுக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு.

இனி அந்த "நீங்கள்". 1999 இல் அவர் விட்டுப்போனது 10 வயதுத் தங்கையை. அதன்பின் 25 ஆண்டுகள் கடிதமும், உண்டியல் காசும், இடையிடையே தொலைபேசியும், பிறகு கைப்பேசித் திரையில் ஒரு முகமும். விமான நிலைய வாசலில் அவர் எதிரே வந்து நின்றவரோ கணவரும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஒரு பெண். அந்தச் சிறுமியை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியும். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரிந்திருக்காது. தடுமாற்றம் வந்தால் எங்கள் ஆட்களுக்கு மரியாதை கூடிவிடும். கலியாண வீட்டில் சம்பந்திமார் கதைப்பதைக் கேட்டிருப்பீர்கள். இது என் ஊகம்தான். ஆனால் அவர் உங்களைக் குறைத்து வைத்தார் என்று நீங்கள் கொண்ட முடிவும் ஊகம்தான்.

கடிதத்தில் "அண்ணா" என்ற சொல்லை எத்தனை தடவை எழுதினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே தடவை, அதுவும் விமானச் சீட்டு எடுத்து அனுப்பிய இடத்தில். அதன் பின் அவர் வெறும் "அவர்", சேர்த்து "அவர்கள்". உறவு எட்டப் போய்விட்டது என்று நோகிறீர்கள்; அந்தத் தூரத்தில் பாதியாவது உங்கள் கையாலும் அளக்கப்பட்டிருக்கிறது.

அண்ணா உங்களைக் கேளாமல் மகனைத் தூக்கியதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். நாவற்குழி வரை உங்களைத் தூக்கிய இரவிலும் அவர் எவரிடமும் அனுமதி கேட்டிருக்க மாட்டார். அந்தப் பனியில், நெஞ்சில் பட்டதை வாயால் சொல்லத் தெரியாத ஒரு மனிதர், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய்தார் என்றே நான் வாசிக்கிறேன். நீங்கள் பையோடு பின்னால் நடந்தபோது உங்களுக்கு வந்தது கோபம்தானா என்பதை ஒருமுறை உங்களிடமே கேளுங்கள். அந்தத் தோள் ஒருகாலத்தில் உங்களுடையது.

பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரல் நொந்து அழுதவன் திரும்பவும் போகக் கேட்கிறான் என்றால், அவனுக்கு அந்த நாள் நன்றாக இருந்திருக்கிறது. அதற்காக அவனை ஏசுவதை நிறுத்துங்கள். இப்படியே போனால், மாமாவின் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது என்று பழகிவிடுவான்.

உறவைத் தொடர்வதா என்ற கேள்விக்கு, நீங்கள் அதை இன்னும் தொடங்கவில்லை என்றே சொல்வேன். இந்த மாரியில் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்கு எடுத்தால் அங்கே காலை எட்டு மணி. படம் வேண்டாம், குரல் மட்டும் போதும். பிள்ளைகளையும் கூப்பிட வேண்டாம். குளிர்ச்சட்டைக் கதையை எடுக்காமல், அந்த மழை இரவைப் பற்றி அவருக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு, "அண்ணா, என்னை நீ எண்டே கூப்பிடுங்கோ" என்று சொல்லுங்கள். சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்தையே அவர் "நீங்கள்" என்று தொடங்கக்கூடும். மகளுக்கு எழுத்துத் திருத்துவது போல, கோபிக்காமல் திருத்துங்கள்.