போர்டே இல்லாத ரோட்டுக்கு ஸ்பீடு லிமிட் என்னன்னு மேப்ல போடுறது?

கேள்வி: யார் வேணும்னாலும் திருத்தக்கூடிய இலவச மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல ஆறு மாசமா எடிட் பண்றேன். ரோடு ரோடா போய் ஸ்பீடு லிமிட் சேர்த்துட்டு வரேன், ஆனா பாதி ரோட்டுக்கு மேல போர்டே கிடையாது. சட்டத்துல இருக்கிற நம்பரைப் போடலாமா, வண்டிங்க நிஜமா போற வேகத்தைப் போடலாமா, இல்ல காலியா விட்டுடலாமா?

பதில்: காலியா விடாதீங்க, வண்டி போற வேகத்தையும் போடாதீங்க. சட்டப்படியான நம்பரைப் போடுங்க, ஆனா அதைத் தனியா விடாம, அது எங்கேருந்து வந்ததுங்கறதையும் கூடவே எழுதுங்க. போர்டைப் பார்த்து எழுதின 50-ம், போர்டு இல்லாததால சட்டத்தை வச்சு எழுதின 50-ம் மேப்ல பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா ரெண்டும் வேற வேற தகவல்.

நம்பர் போற இடம் 'மேக்ஸ்ஸ்பீட்'ங்கற டேக் (ரோட்டைப் பத்தின ஒரு தகவலை எழுதுற இடம்), அது உங்களுக்குத் தெரியும். காரணம் போற இடம் 'மேக்ஸ்ஸ்பீட்:டைப்', சில நாட்டுல பழக்கமா 'சோர்ஸ்:மேக்ஸ்ஸ்பீட்'னு போடுவாங்க, உங்க பக்கத்துல ஏற்கனவே எது அதிகமா இருக்கோ அதையே எடுத்துக்கோங்க. போர்டைப் பார்த்தீங்கன்னா அங்க 'சைன்'. போர்டு இல்லன்னா நாட்டுக் குறியீடும் ரோட்டோட வகையும். ஜெர்மனியில ஊருக்குள்ள இருக்கிற ரோடுன்னா 'டிஇ:அர்பன்', நம்பர் 50, ஊருக்கு வெளியேன்னா 'டிஇ:ரூரல்', சாதாரண ரோட்டுல காருக்கு 100. நாட்டுக் குறியீடு மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துல, மத்ததெல்லாம் சின்ன எழுத்துல. மைல் கணக்கு உள்ள நாடுன்னா நம்பருக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் விட்டு 'எம்பிஎச்' சேர்க்கணும், விட்டுட்டா எல்லா ஆப்பும் அதை கிலோமீட்டராத்தான் படிக்கும்.

இவ்வளவு சிரமம் எதுக்குன்னு தோணும். பிரிட்டன்ல இருக்கிற வேல்ஸ்ல நடந்ததைப் பாருங்க. அங்க தெருவிளக்கு வரிசையா இருக்கிற ரோட்டுக்குப் போர்டு இல்லாட்டியும் 30 மைல்தான் லிமிட்டுன்னு சட்டம் இருந்துச்சு, 2023 செப்டம்பர் 17-ல அதை 20 மைலா மாத்திட்டாங்க. ஒரே நாள்ல அந்த மாதிரி போர்டு இல்லாத ரோடு எல்லாம் 20 ஆயிடுச்சு, தனியா 30-னு விதிவிலக்கு கொடுத்த ரோடு மட்டும் 30-லயே இருக்கு. இப்போ மேப்ல வெறும் '30 எம்பிஎச்'னு மட்டும் இருக்கிற ரோட்டை எப்படிப் பிரிப்பீங்க, திரும்ப நேர்ல போய்த்தான் பார்க்கணும். காரணம் எழுதியிருந்தா ஒரே தேடல்ல அத்தனையும் கிடைச்சிடும்.

'டிஃபால்ட் லிமிட்டை எதுக்கு எழுதணும், ப்ரோக்ராமே கணக்குப் போட்டுக்குமே'னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுல நியாயம் இல்லாம இல்ல. ஆனா காலியா இருக்கிற ரோட்டைப் பார்த்தா யாருமே போய்ப் பார்க்கலையா, இல்ல பார்த்து போர்டு இல்லன்னு உறுதி பண்ணினாங்களானு தெரியாதே. போர்டு இல்லங்கறதும் நீங்க நேர்ல போய்த் தெரிஞ்சுகிட்ட தகவல்தான், அதை வீணாக்கக் கூடாதுங்கறது என் கருத்து.

நம்பரை விட முக்கியமா இன்னொண்ணு இருக்கு, சட்டம் எதைப் பார்த்து நம்பரை முடிவு பண்ணுதோ அதைப் பதியுங்க. ஸ்பெயின்ல 2021 மே 11-லேருந்து ஊருக்குள்ள ஒரு திசைக்கு ஒரே லேன்னா 30, ரெண்டோ அதுக்கு மேலயோன்னா 50, நடைபாதையும் ரோடும் ஒரே மட்டமா இருந்தா 20. லேன் எண்ணிக்கை மேப்ல தப்பா இருந்தா லிமிட்டும் தப்பாயிடும். பிரிட்டன்ல தெருவிளக்கு இருக்கா இல்லையாங்கறது முக்கியம். அதே மாதிரி அங்க தேசிய லிமிட் (வேற லிமிட் எதுவும் இல்லாத ரோட்டுக்கு உள்ளது) காருக்கு சிங்கிள் ரோட்டுல 60 மைல், டூயல்ல 70, டூயல்னா லேன் நிறைய இருக்குன்னு நினைச்சுக்கிறாங்க, அது கிடையாது, நடுவுல தடுப்பு இருக்கணும். நாலு லேன் இருந்தும் நடுவுல வெறும் பெயின்ட் கோடுதான்னா அது சிங்கிள்தான்.

சரி, போர்டு இல்லங்கறதை எப்படி உறுதி பண்றது? இதுலதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. நீங்க நிக்கிற இடத்துல போர்டு இல்லாம இருக்கலாம், ஆனா ஒரு கிலோமீட்டர் முன்னாடி வச்ச போர்டு இங்க வரைக்கும் செல்லுபடியாகலாம். போலந்துல ஒரு லிமிட் போர்டு அடுத்த ஜங்ஷனோட முடிஞ்சிடும், ஜெர்மனியில ஜங்ஷன் வந்ததுனால மட்டும் முடியாது. அதனால உங்க நாட்டுச் சட்டத்துல போர்டு எங்க முடியுதுன்னு முதல்ல படிச்சிட்டு, அந்த ரோடு தொடங்குற இடத்துலேருந்து ரெண்டு திசையிலயும் போய்ப் பாருங்க. நானே ஒரு ரோட்டை போர்டு இல்லன்னு பதிஞ்சிட்டு, ரெண்டு வாரம் கழிச்சு எதிர்ப்பக்கத்துலேருந்து நடந்து வரும்போது பார்த்தேன், போர்டை மரக்கிளை முழுசா மூடியிருந்துச்சு, காத்துல இலை விலகினப்போதான் சிவப்பு விளிம்பு ஒரு விரல் அகலத்துக்குத் தெரிஞ்சுது. அன்னிக்கே போய் திருத்தினேன். வெறும் கம்பம் நின்னு மேல போல்ட் ஓட்டை மட்டும் இருந்தாலும் விடாதீங்க, போர்டு கழண்டு விழுந்திருக்கும், அங்க லிமிட் எதுவும் எழுதாம மேப்ல ஒரு நோட் போட்டு வைங்க. ஒரு பக்கம் மட்டும் போர்டு இருந்தா திசை வாரியா 'ஃபார்வர்ட்', 'பேக்வர்ட்'னு பிரிச்சு எழுதுங்க. ஊர் எல்லைப் பலகை எங்க நிக்குதோ சரியா அங்கதான் ரோட்டு கோட்டை வெட்டணும், வசதிக்காக பக்கத்து ஜங்ஷன்ல வெட்டினா அந்த நடுவுல இருக்கிற துண்டுக்கு லிமிட் தப்பாயிடும்.

வண்டி போற வேகத்தைப் பத்திக் கேட்டீங்க. மேக்ஸ்ஸ்பீட்ங்கறது சட்ட எல்லை மட்டும்தான், குண்டும் குழியுமான ரோட்டுல 20-க்கு மேல போக முடியாதுன்னா ரோட்டுப் பரப்பையும் அதோட நிலைமையையும் பதியுங்க, ரூட் போடுற ப்ரோக்ராம் அதை வச்சு வேகத்தைக் குறைச்சுக்கலாம். அப்புறம் போர்டு இல்லாத ரோட்டுக்கு 'நன்' (none, அதாவது லிமிட்டே இல்ல)னு போட்டுடாதீங்க, அது ஜெர்மன் ஆட்டோபான்ல சில பகுதி மாதிரி நிஜமாவே லிமிட் இல்லாத ரோட்டுக்கு.

வீட்டுல உக்காந்துகிட்டு ஊர் முழுக்க செலக்ட் பண்ணி ஒரே நம்பரை அடிக்காதீங்க, அந்த மாதிரி மொத்த எடிட்டுக்கு முன்னாடி உங்க பகுதி மேப்பர்கள்கிட்ட பேசியாகணும்னு விதியே இருக்கு. கூகுள் மேப்ஸையோ ஸ்ட்ரீட் வியூவையோ பார்த்து எழுதவும் கூடாது, லைசென்ஸ் இடம் கொடுக்காது. மக்கள் எடுத்த தெருப் படங்களைப் பகிர்ற மேப்பில்லரி தளத்துப் படம் பார்த்து எழுதலாம், படம் எடுத்த தேதியை மட்டும் கவனிங்க. போன்லயே வேலை முடியணும்னா ஸ்ட்ரீட்கம்ப்ளீட்ங்கற ஆப் நல்லா இருக்கும், போர்டு இல்லன்னு சொன்னா ரோடு எந்த வகைன்னு கேட்டு டேக்கை அதுவே போட்டுடும்.

இந்த ஆறு மாசத்துல காரணம் இல்லாம நம்பர் மட்டும் போட்ட ரோடு இருந்தா உங்க பழைய சேஞ்ச்செட்டை (ஒரே தடவையில சேமிச்ச எடிட்டுகளோட தொகுப்பை) திறந்து பாருங்க. போர்டோட போட்டோ இருக்கிற ரோட்டுக்கு இன்னிக்கே 'சைன்'னு சேர்த்துடலாம், ஞாபகம் இல்லாததை ஊகிச்சு நிரப்பாம அடுத்த தடவை அந்தப் பக்கம் போறப்போ பார்த்துட்டு வந்து எழுதுங்க.