ஒர்க்‌ஷாப் லேப் இருக்கும்போது மேக்கர்ஸ்பேஸ் எதற்கு?

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் மேக்கர்ஸ்பேஸ் (மாணவர்கள் 3டி பிரிண்டர், லேசர் கட்டர் வைத்துத் தாங்களே பொருள் செய்து பார்க்கும் அறை) வரப்போகிறது, ஏற்கெனவே முதலாண்டு ஒர்க்‌ஷாப் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் அளவு ஆசிரியருடையது. அறுபது பேரும் அதே 'வி' ஃபிட்டிங்கை (ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் 'வி' வடிவ இரும்புத் துண்டுகள்) அரத்தால் ராவி மார்க் வாங்குவார்கள். மேக்கர்ஸ்பேஸில் அளவை முடிவு செய்வது மாணவர். தப்பாகப் போட்டால் அன்று சாயங்காலமே பொருத்தும்போது தெரிந்துவிடும், திருத்தி மறுபடி செய்யலாம்.

எடுத்ததும் ரோபோ வேண்டாம். ஒரு 8 மி.மீ. கம்பியை வெர்னியர் அளவுகோலில் அளந்துவிட்டு, ஒரே பட்டையில் 8.0 முதல் 8.5 வரை 0.1 கூட்டிக்கூட்டி ஆறு ஓட்டைகளை 3டி பிரிண்டரில் போடச் சொல்லுங்கள். 8.0-இல் கம்பி பெரும்பாலும் நுழையாது. உருகிய பிளாஸ்டிக் இழை வளைவில் உள்பக்கமாக இழுபடும், ஆறும்போது சுருங்கும், ஓட்டை சிறுத்துவிடும். எதில் இறுகி நிற்கிறது, எதில் சுழல்கிறது என்று எழுதி அந்த மெஷின் மேலேயே ஒட்டுங்கள். லேசர் வெட்டும் மெஷினில் இது தலைகீழ்: கதிர் சுமார் 0.1 முதல் 0.2 மி.மீ. எரித்துவிடுவதால் ஓட்டை பெரிதாகிவிடும். கடையில் 3 மி.மீ. என்று தரும் அக்ரிலிக்கும் சரியாக 3 இருக்காது, அளந்த பிறகே காடி (துண்டைச் செருகும் வெட்டு) வரையுங்கள். மெட்ராலஜி (அளவியல்) பாடத்து டாலரன்ஸ் (அளவில் எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்பது) இப்படித்தான் கைக்கு வரும்.

லேசரில் ஃப்ளெக்ஸ் பேனர், ரெக்சின், பி.வி.சி. ஷீட் வைக்கவே கூடாது. பழைய பேனர் சும்மா கிடைக்கிறதென்று யாராவது கொண்டுவருவார்கள். அதில் கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலைப் புண்ணாக்கும், மெஷினின் தண்டவாளத்தையும் அரித்துவிடும்.

காசிமேடு முதல் எண்ணூர் வரை உப்புக்காற்று வேறு. ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறந்தால் குளிர்ந்த இரும்பு வேர்த்துத் துருப்பிடிக்கும். மெஷினின் தண்டவாளக் கம்பிகளுக்கு வாரம் ஒருமுறை மெல்லிய எண்ணெய் தடவுங்கள். ஈரம் குடித்த பி.எல்.ஏ. இழை (3டி பிரிண்டருக்குப் போடும் பிளாஸ்டிக்) நாசிலில் படபடவென்று வெடித்து நூல்நூலாக இழுக்கும். 45 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம் காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இறுக மூடிவையுங்கள்.

இரண்டாவது லேசருக்கு ஒதுக்கும் பணத்தை ஒரு ஆளுக்குக் கொடுப்பதே மேல் என்பேன். வியாசர்பாடி எஸ்டேட் பட்டறைகளில் லேத் ஓட்டிப் பழகிய ஒருவர் சாயங்காலம் 4 முதல் 8 வரை கூடவே இருக்கட்டும். வகுப்பு நேரத்தில் மட்டும் திறக்கிற அறைக்கு மாணவர்களால் வரவே முடியாது.