ஒரே பால்மாவு டப்பா, இரண்டு வீடுகள்

கேள்வி: நோய்க்கு வறுமை காரணமா, நிறுவனங்களின் வணிகம் காரணமா?

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம் என்பதற்குக் குழந்தைப் பால்மாவின் வரலாறு நல்ல சான்று. 1970களில் ஆப்பிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் மகப்பேறு விடுதிகளில் நிறுவனங்கள் இலவச டப்பாக்களை வழங்கின. செவிலியர் உடையணிந்த விற்பனைப் பெண்களையும் அனுப்பின. குழந்தை சில நாட்கள் புட்டிக்குப் பழகியதும் தாய்க்குப் பால் சுரப்பது குறைந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு டப்பாவையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். குழாய் நீரும் அடுப்பெரிக்க எரிபொருளும் போதிய வருமானமும் உள்ள வீட்டில் பெரிய தீங்கு விளைவிக்காத அதே மாவை, டப்பா நீண்ட நாள் வருவதற்காக ஏழைத் தாய் அதிக நீர்விட்டு, அதுவும் கொதிக்க வைக்காத நீரில் கரைத்தபோது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் சேர்ந்து வந்தன. அதைத் தாயின் அறியாமை என்று சொல்வது, என் பார்வையில், பழியை இடம் மாற்றுவதாகும்.

1977இல் அமெரிக்காவில், இவ்வாறு பால்மாவு விற்ற நெஸ்லே நிறுவனத்திற்கு எதிரான புறக்கணிப்பு தொடங்கியது. 1981 மே மாதம், உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனை உத்திகளுக்கான பன்னாட்டு நெறிமுறையை 118 வாக்குகளுடன் ஏற்றது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. நெறிமுறை தானாகச் சட்டமாகிவிடாது. ஒவ்வொரு நாடும் தனியே இயற்ற வேண்டும். இந்தியா 1992இல் சட்டமியற்றி விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடுத்தது; 2003ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளையும் அதன் வரம்பிற்குள் கொண்டுவந்தது.