வேல்ஸ்ல காட்டுக்குப் போய் என்ன பாக்குறது? கார்மார்தன் தங்கச்சிக்கு ஒரு நீளமான பதில்

தங்கச்சி, உங்க கேள்வியைப் படிச்சேன். ஜனவரியில கார்மார்தன் வந்து சேர்ந்திருக்கீங்க, உங்களுக்கு ஹாஸ்பிட்டல் வேலை, வீட்டுக்காரர் வேலை தேடிட்டு இருக்கார், ரெண்டு பசங்க, ஒரு செகண்ட் ஹேண்ட் கார். வார்டுல எல்லாரும் மே மாசம் காட்டுப் பக்கம் போய்ட்டு வாங்கன்னு சொல்றாங்க, ஆனா அங்க குளிக்க அருவி இல்ல, கடை இல்ல, சுத்தியும் யாரோ ஒருத்தரோட பண்ணை, உள்ள நடந்தா கத்துவாங்களோன்னு பயமா இருக்கு, அப்புறம் வீட்டுக்காரர் "கோயில் இருந்தா வரேன்"ங்கிறார். இவ்வளவுதானே? ஒன்னொன்னா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல அந்த பயத்தை விடுங்க, அதான் முக்கியம். நம்மூர்ல அடுத்தவன் வயல்ல வரப்பு மேல நடந்தாலே யாருப்பா நீன்னு கேப்பாங்க, அதனால இங்க வேலியும் கேட்டும் பாத்ததும் நம்ம கால் தானா நின்னுடும். ஆனா இங்க சட்டம் வேற. நிலம் விவசாயியோடது, அதுக்குள்ள போற ஃபுட்பாத், அதாவது ஒத்தையடி நடைபாதை, பொதுமக்களோடது. யாரோ பெரிய மனசு பண்ணி விட்டது இல்ல, சட்டப்படி இருக்கற உரிமை, எந்தெந்த பாதைன்னு கவுன்சில்ல மேப்பே வச்சிருக்காங்க, 1949-ல வந்த சட்டத்துலேர்ந்து இப்படி பதிவு பண்ணி வச்சிருக்கு. கேட் கம்பத்துல மஞ்சள் அம்புக்குறி போட்ட வட்டமா ஒரு சின்ன வில்லை அடிச்சிருப்பாங்க, அது நடக்கறவங்களுக்கு. நீல அம்புக்குறின்னா குதிரை, சைக்கிளும் வரலாம். அந்த மஞ்சள் அம்பு இருந்தா விசா என்ன, ஊர் என்னன்னு யாரும் கேக்க முடியாது, நீங்களும் அந்த வழியா போகலாம். அதுக்கு மேல 2000-ல இன்னொரு சட்டம் வந்துச்சு, அதுல மேப்ல குறிச்சிருக்கற மலை, பொது மேய்ச்சல் நிலமெல்லாம் பாதை இல்லாமலே நடக்கலாம்னு ஆச்சு.

அதனால முதல் செலவா ஆர்ட்னன்ஸ் சர்வேங்கற அரசு நிறுவனம் போடற மேப் ஒன்னு வாங்குங்க, ஆரஞ்சு அட்டை போட்டது, எக்ஸ்ப்ளோரர்னு பேரு. அதுல பச்சைக் கலர்ல சின்ன சின்ன கோடா போட்டிருக்கறதெல்லாம் உங்க பாதை. ஃபோன்ல ஆப் இருக்கு, ஆனா அங்க சிக்னல் சுத்தமா இருக்காது, பேப்பர் மேப்தான் கை கொடுக்கும், இல்லன்னா வீட்டுலயே டவுன்லோட் பண்ணிட்டு போங்க.

நாங்க வந்த புதுசுல ஒரு தடவை பண்ணை வழியா போய்ட்டு இருக்கோம், பின்னாடியே ஒருத்தர் குவாட் பைக்ல வேகமா வரார், ரெண்டு நாய் வேற பின்னாடி உக்காந்திருக்கு. எங்க வீட்டுக்காரர் மூஞ்சி செத்துப் போச்சு, சாரின்னு சொல்ல வாயைத் தொறக்கறதுக்குள்ள அவரு வண்டியை நிறுத்தி, அந்தப் பக்கம் ஒரு ஆட்டுக்குட்டி தனியா நின்னுச்சா பாத்தீங்களான்னு கேக்கறார்! ஆத்துப் பக்கம் ஒன்னு கத்துச்சுன்னு நாங்க கை காட்டினோம், தேங்க்யூன்னுட்டு போயிட்டார். அவங்களுக்கு நம்ம கலர் எல்லாம் ரெண்டாவது, கேட்டை மூடினோமா, நாயை அவுத்து விட்டோமாங்கறதுதான் முதல்ல. தொறந்து இருந்த கேட்டை தொறந்தே விடுங்க, மூடி இருந்ததை தாண்டினதும் மூடுங்க. எல்லாரும் அப்படித்தான்னு சொல்ல மாட்டேன், மொறச்சுப் பாக்குறவங்களும் உண்டு, எங்கதான் இல்ல. ஆனா எதிர்ல வரவங்க பத்துல எட்டு பேர் ஹலோ சொல்லாம போக மாட்டாங்க, காலையில "போரே தா"ன்னு அவங்க வெல்ஷ் பாஷையில ஒரு குட்மார்னிங் போட்டுப் பாருங்க, அப்புறம் நிறுத்தி வச்சு கதை பேசுவாங்க, தப்பிக்கறது உங்க சாமர்த்தியம்.

சரி எங்க போறது. உங்க வீட்டுலேர்ந்து ஏ40 ரோட்டைப் பிடிச்சு லாண்டைலோ தாண்டி லாண்டோவரி, ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடும். அங்கேர்ந்து வடக்க ராண்டிர்முயின்னு ஒரு சின்ன ஊர், முன்னாடி ஈயச் சுரங்கம் இருந்த ஊரு, அதையும் தாண்டிப் போனா டீனாஸ்னு ஒரு காடு. ஆர்எஸ்பிபிங்கற பறவை பாதுகாப்பு சங்கத்தோட ரிசர்வ். நான் பாத்த வரைக்கும் இந்த மாவட்டத்துல முதல் தடவை போறவங்களுக்கு இதுதான் சரியான காடு, வேற யாராவது வேற சொன்னா சண்டைக்கு வருவேன்.

கார் பார்க்லேர்ந்து முதல்ல பலகைப் பாதை, கீழ எல்லாம் சதுப்பு. அதுக்கப்புறம் டோவி ஆறு பாறைக்கு நடுவுல இரைச்சலா ஓடும், பக்கத்துலயே ஓக் மரக்காடு. நம்ம மனசுல காடுன்னா முதுமலை மாதிரி, யானை வரும், உசரமா மரம் நிக்கும்னு இருக்கும். இங்க மரம் உசரமெல்லாம் இல்ல, ஒவ்வொன்னும் முறுக்கிக்கிட்டு, வளைஞ்சு, பாறையைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கும். ஒரு கிளையை கிட்டப் போய்ப் பாருங்க. பட்டையே தெரியாது, பூரா பாசி, கையை வச்சு லேசா அமுக்குனா மெத்தை மாதிரி உள்ள போகும், விரல் இடுக்குல தண்ணி வரும். அந்தப் பாசிக்குள்ள வேர் விட்டு கிளை மேலயே பெரணி வளர்ந்திருக்கும், அதுக்கு மேல சாம்பல் கலர்ல தாடி மாதிரி இன்னொன்னு தொங்கும். பெரியவன் ஸ்கூல்ல மழைக்காடுன்னா அமேசான்னு படிச்சிருப்பான், இதுவும் மழைக்காடுதான்னு சொல்லுங்க, குளிர் தேசத்து மழைக்காடு, உலகத்துலயே கொஞ்ச இடத்துலதான் மிச்சம் இருக்கு. அட்லாண்டிக்லேர்ந்து வர மழை வருஷம் பூரா நனைச்சுக்கிட்டே இருக்கறதாலதான் இந்த பாசியெல்லாம். நீங்க ஜனவரியிலேர்ந்து திட்டிட்டு இருக்கீங்களே, அதே மழைதான்.

மே முதல் வாரம்னா இலை அப்பதான் இளம்பச்சையா விட்டிருக்கும், கார்மார்தன்ஷையர் மாவட்டத்துல பல ஓக் காட்டுல புளூபெல் பூத்திருக்கும், தரை முழுக்க நீலமா. அந்த நேரத்துலதான் பைட் ஃபிளைகேச்சர்னு கருப்பு வெள்ளையில ஒரு குட்டிக் குருவி மேற்கு ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்திருக்கும், மரத்துல மரப்பெட்டி மாட்டி வச்சிருப்பாங்க, அதுல கூடு கட்டும். ஒரு பெட்டி தெரியற மாதிரி தள்ளி உக்காந்து பத்து நிமிஷம் பேசாம இருந்தா பெட்டிக்கு வரும் போகும், பசங்களால பத்து நிமிஷம் முடியுமாங்கறது உங்க கவலை. தலைக்கு மேல வால் பிளந்த பருந்து சுத்தும், ரெட் கைட். போன நூற்றாண்டு ஆரம்பத்துக்குள்ள பிரிட்டன் பூரா சுட்டும் விஷம் வச்சும் ஒழிச்சு, கடைசியா சில ஜோடி மட்டும் தப்பிச்சது இந்த மத்திய வேல்ஸ் பள்ளத்தாக்குகள்லதான், டோவியோட மேல் பகுதியும் அதுல சேர்த்தி. இன்னிக்கு எங்க வீட்டுக் கூரை மேலயே வந்து சுத்துது.

புளூபெல்லுக்கு நடுவுல பட்டுப்பாவாடை போட்டு பொண்ணை உக்கார வச்சு ஃபோட்டோ எடுக்கற ஆசை வரும், எனக்குத் தெரியும், நம்மாளு எல்லாருக்கும் வரும். பாதையில நின்னே எடுங்கமா. இலையை மிதிச்சா அந்தக் கிழங்கு தேற பல வருஷம் ஆகும். தோண்டி எடுத்துட்டு வந்து தொட்டியில வைக்கலாம்னும் நெனைக்காதீங்க, நிலத்துக்காரர் அனுமதி இல்லாம எந்தக் காட்டுச்செடியையும் வேரோட பிடுங்கறது 1981 சட்டப்படி குத்தம். அதே மாதிரி காட்டுப்பூண்டு வாசனை வரும், துவையல் அரைக்கலாம்னு தோணும், ரிசர்வ்ல பறிக்காதீங்க. வேற எங்கயாவது அனுமதியோட பறிச்சாலும் ஒவ்வொரு இலையா பாருங்க, அதோட கலந்தே விஷச்செடியும் வளரும், கையில பூண்டு வாசனை ஒட்டிக்கிட்டா அப்புறம் மோந்து பாத்து பிரயோஜனம் இல்ல.

அந்தக் குன்னு மேல ஒரு குகை இருக்கு. டூம் ஷான் காட்டின்னு ஒரு ஆள், 16-ம் நூற்றாண்டு, ட்ரெகாரன் ஊர்க்காரர், கார்மார்தன் ஷெரீஃபுக்கு தண்ணி காட்டிட்டு அங்க ஒளிஞ்சிருந்ததா கதை. பசங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க: பாத்திரக்கடைக்குப் போய் இந்தப் பானையில ஓட்டை இருக்குங்கறான், கடைக்காரர் எங்கடா ஓட்டைன்னு கேக்க, தலையில மாட்டிப் பாரு தெரியும்ங்கறான், அவர் மாட்டுனதும் கடையில இருக்கறதை எல்லாம் கூட்டாளிங்க அள்ளிட்டு ஓடுறாங்க, உள்ளேர்ந்து அவர் ஓட்டை எங்கன்னு கத்த, ஓட்டை இல்லாமலா உன் தலை உள்ள போச்சுன்னு கேட்டானாம். தெனாலிராமன் கதை கேட்டு வளந்த பசங்களுக்கு உடனே பிடிச்சிடும். ஆனா குகைக்கு ஏறுற வழி செங்குத்து, பாறை வழுக்கும், சின்னவளை வச்சுட்டு ஈரத்துல ஏற வேண்டாம். சுத்திட்டு வரதே சுமார் ரெண்டு மைல், நமக்கு ஒரு ரெண்டு மணி நேரம் தாராளமா ஆகும். தள்ளுவண்டி போகாது. தள்ளுவண்டிதான் வேணும்னா லாண்டைலோகிட்ட டினெவர் பார்க் போங்க, அங்க பலகைப் பாதை சமமா இருக்கும், மான் இருக்கு, டீக்கடையும் உண்டு.

ரோடு பத்தி சொல்லியே ஆகணும். லாண்டோவரி தாண்டுனா ஒரே ஒரு கார் போற அகலம்தான் பல இடத்துல, ரெண்டு பக்கமும் ஆளுசர வேலி. எதிர்ல வண்டி வந்தா யாருக்கு ஒதுங்கற இடம் பக்கமோ அவங்க ரிவர்ஸ் எடுக்கணும், எடுத்தவருக்கு கையைத் தூக்கணும், தூக்கலன்னா மனசுக்குள்ள திட்டுவாங்க. அதனால முந்தின வாரம் சூப்பர் மார்க்கெட் கார் பார்க்ல ரிவர்ஸ் நல்லா பழகிக்கோங்க. ஆடு ரோட்டுலயே படுத்திருக்கும், ஹார்ன் அடிக்காதீங்க, மெதுவா நகருங்க, தானா எழுந்து போகும். குட்டி ஒரு பக்கம் தாய் ஒரு பக்கம் நின்னா நிறுத்தியே ஆகணும், குட்டி கடைசி நொடியில குறுக்க ஓடும். ஊருக்குள்ள பெரும்பாலும் 20 மைல்தான், 2023 செப்டம்பர்லேர்ந்து வேல்ஸ்ல வீடு இருக்கற தெருவுல பொதுவா அதான் வேகம். பெட்ரோல், டாய்லெட் ரெண்டையும் லாண்டோவரியிலயே முடிச்சுடுங்க.

ஷூ, வெல்லிங்கற ரப்பர் பூட்ஸ், மழை கோட்டு, மாத்து சாக்ஸ், இதெல்லாம் வெயில் அடிச்சாலும் எடுத்துட்டுப் போங்க. சாப்பாடு புளியோதரை, தயிர் சாதம் கட்டிக்கோங்க, குப்பையை திருப்பி எடுத்துட்டு வாங்க, அடுப்பு பார்பிக்யூ எதுவும் கூடாது. கன்னுக்குட்டியோட மாடு நிக்கற வயல்ல நடுவுல போகாம ஓரமா தள்ளிப் போங்க, இங்க நிஜமான ஆபத்துன்னா அதுதான், மனுஷங்க இல்ல.

இன்னொன்னு உண்ணி. புல்லுலயும் பெரணியிலயும் இருக்கும், பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிடுங்க, பாக்க அசிங்கமாத்தான் இருக்கும் பரவால்ல. வீட்டுக்கு வந்ததும் பசங்களோட முட்டிக்குப் பின்னாடி, அக்குள், காது மடல், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்க. கடிச்சிருந்தா பாட்டி வைத்தியமா எண்ணெய் ஊத்தறது, தீக்குச்சி சுடறது எதுவும் வேண்டாம், ஃபார்மசியில உண்ணி எடுக்கற சின்ன கொக்கி விக்கும், இல்ல மெல்லிசு ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுங்க. அப்புறம் வர வாரங்கள்ல அந்த இடத்துல சிவப்பா வட்டம் பரவுனாலோ ஜுரம் வந்தாலோ ஜிபி டாக்டர்கிட்ட உண்ணிக் கடின்னு சொல்லிடுங்க, லைம் நோய்க்கு மாத்திரை இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சா சரியாயிடும். நீங்க நர்ஸ், உங்களுக்கு இதுக்கு மேல நான் சொல்லத் தேவையில்ல.

வீட்டுக்காரருக்கு கோயில்தானே? இருக்கு! கார்மார்தனுக்கு வடக்க லான்பிம்சைன்ட் பக்கம் ஸ்கந்த வேல், இலங்கையிலேர்ந்து வந்த குரு சுப்ரமணியம் 1973-ல ஆரம்பிச்சது. மரம் மூடின பள்ளத்தாக்குக்குள்ள முருகன், அம்மன், ரங்கநாதர் மூணு சன்னதியும் இருக்கு, லண்டன்லேர்ந்து பஸ் போட்டு நம்ம ஜனங்க வருவாங்க. காசு வாங்க மாட்டாங்க, பூஜை முடிஞ்சு சாப்பாடும் உண்டு. ஆனா மாமிசம் சாப்பிட்டுட்டு வரக்கூடாது, சில நாள் முன்னாடியே விட்டிருக்கணும், பூஜை நேரம் பாத்துட்டு கிளம்புங்க. சனிக்கிழமை அது, ஞாயித்துக்கிழமை டீனாஸ்னு பேசி முடிச்சுக்கோங்க, ஒரே நாள்ல ரெண்டும் வேண்டாம்.

ஆகஸ்ட்ல மாமியார் வராங்க, முட்டி வலின்னு போட்டிருந்தீங்க. அவங்களை இந்தப் பாதையில நடக்க வைக்காதீங்க. டீனாஸ்லேர்ந்து அதே ரோட்டுல இன்னும் கொஞ்சம் மேல போனா லின் பிரையான் அணை, 91 மீட்டர், பிரிட்டன்லயே உசரமான அணை அதுதான். கார்லேர்ந்து இறங்கி நாலடி நடந்தாலே ஏரியும் மலையும் பூரா தெரியும். அவங்களுக்கு ஸ்வெட்டர் ஒன்னு கார்லயே போட்டு வைங்க, ஆகஸ்ட்டா இருந்தாலும் மேல காத்து ஆளைத் தள்ளும்.