சீனாவிலிருந்து முதல் முறை கப்பலில் சரக்கு எடுக்கிறேன். சப்ளையர் சொல்லும் ‘சிஐஎஃப் சென்னை’ விலைக்கு ஒப்புக்கொள்ளலாமா?

வேண்டாம். சிஐஎஃப் என்றால் சரக்கு விலையோடு சென்னை வரை கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்த விலை. அதற்குப் பதில் எஃப்ஓபி விலை, அதாவது அங்கே கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை கேளுங்கள், கப்பல் ஏற்பாட்டை இங்கேயுள்ள ஒரு ஃபார்வர்டரிடம் (சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்து தரும் நிறுவனம்) நீங்களே கொடுங்கள். சென்னை தம்புச் செட்டித் தெருவில், சுங்க வேலைகளை முடித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இறக்குமதிக் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. அதனால் எனக்கும் ஒரு பக்கச் சாய்வு உண்டு, அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இது: ஈரோட்டில் பாத்திரக்கடை. சீனாவின் யீவூ சந்தையில் சமையலறைச் சில்லறைச் சாமான்கள் பேசி முடித்திருக்கிறீர்கள். மொத்தம் 3 சிபிஎம் (கன மீட்டர்) அளவு, நிங்போ துறைமுகத்தில் ஏறும். சென்னை வரை கப்பல் வாடகை கிட்டத்தட்ட இலவசம் என்கிறார் சப்ளையர்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே இலவசம்தான். 3 சிபிஎம்முக்குத் தனி கன்டெய்னர் கிடையாது. பல பேர் சரக்கோடு ஒரே பெட்டியில் சேர்ந்து வரும். இதைத்தான் எல்சிஎல் என்கிறோம். அங்கே பெட்டியை நிரப்பும் கம்பெனிகளுக்குள் கடும் போட்டி. சரக்கைப் பிடிப்பதற்காக வாடகையைப் பூஜ்யமாக்குவார்கள், சில வழித்தடங்களில் அனுப்புகிறவருக்கே கையில் கொஞ்சம் கொடுப்பார்கள். அந்தப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே? சென்னையில் இருக்கும் அவர்களுடைய ஏஜென்ட் உங்களிடம் வசூலிப்பார். டெர்மினல் கட்டணம், பெட்டியைப் பிரிக்கும் கட்டணம், சிஎஃப்எஸ் (சரக்கு இறக்கி வைக்கும் கிடங்கு) கட்டணம், டெலிவரி ஆர்டர் (சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் சீட்டு) கட்டணம், ஆவணக் கட்டணம் என்று பில் நீளும். கட்டாமல் டெலிவரி ஆர்டர் வராது. டெலிவரி ஆர்டர் இல்லாமல் மணலியிலோ மாதவரத்திலோ உள்ள கிடங்கிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைக்கூட வெளியே எடுக்க முடியாது. அந்த ஏஜென்டைத் தேர்ந்தெடுத்தது நீங்கள் இல்லை என்பதால் பேரம் பேசவும் வழியில்லை. நாள் ஓட ஓடக் கிடங்கு வாடகை ஏறும், கடைசியில் கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் வருவீர்கள்.

எஃப்ஓபி என்றால் நிங்போவில் கப்பல் ஏறும் வரை அவர் செலவு, அதன்பின் உங்கள் செலவு. அங்கே வாடகை, இங்கே வரும் கட்டணங்கள் இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் எழுதித் தரும்படி மூன்று ஃபார்வர்டர்களிடம் கேளுங்கள். வாடகை கூடுதலாகத் தெரியும், மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். சப்ளையர் சிஐஎஃப்தான் என்று அடம்பிடித்தால் ஒரு வழி இருக்கிறது. சரக்கு ஏறும் முன் பில் ஆஃப் லேடிங் (பிஎல், கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) வரைவை வாங்குங்கள். அதில் டெலிவரிக்கு யாரை அணுக வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தச் சென்னை ஏஜென்டுக்கு மின்னஞ்சல் அனுப்பி, சிபிஎம்முக்கு எவ்வளவு, பிஎல் ஒன்றுக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிட்டுப் பிறகு ‘ஏற்று’ என்று சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

சிபிஎம் கணக்கையும் நீங்களே போட்டுவிடுங்கள். 60 × 40 × 50 செ.மீ. பெட்டி ஒன்று 0.12 சிபிஎம், 25 பெட்டி சேர்ந்தால் 3. எடை 1,000 கிலோவை 1 சிபிஎம்மாகக் கணக்கிட்டு, கன அளவு, எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம் வாங்குவார்கள். பிஎல்லுக்கு இவ்வளவு என்று வரும் கட்டணங்கள் 1 சிபிஎம்முக்கும் 8 சிபிஎம்முக்கும் ஒன்றேதான். ஆகவே முதல் ஆர்டரைச் சின்னதாக வைத்துப் பார்ப்போம் என்று 1 சிபிஎம் எடுப்பவருக்குத்தான் ஒரு பொருளின் அடக்கவிலை மோசமாக வரும். சாம்பிள் பார்க்க கூரியரில் எடுங்கள், கப்பலில் வேண்டாம்.

அடுத்தது டியூட்டி. அடிப்படைச் சுங்கவரி 10%, ஐஜிஎஸ்டி (இறக்குமதியின்போது கட்டும் ஜிஎஸ்டி) 18% உள்ள பொருள் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு விலை, கப்பல் வாடகை, காப்பீடு மூன்றும் சேர்ந்த மதிப்பு 5,00,000 ரூபாய். சுங்கவரி 50,000. அந்த வரியின்மேல் 10% சமூக நல மேல்வரி 5,000. ஐஜிஎஸ்டி இவை எல்லாம் சேர்ந்த 5,55,000-க்கு 18%, அதாவது 99,900. மொத்தம் 1,54,900. இந்தத் தெருவில் ‘முப்பது தொண்ணூத்தெட்டு’ என்றால் இதுதான், 30.98%. இதில் ஐஜிஎஸ்டியை நீங்கள் ஜிஎஸ்டி கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மற்ற 55,000 ரூபாய் பொருளின் அடக்கவிலையில் ஏறும். திரும்ப வரும் பணம்தானே என்று ஐஜிஎஸ்டியை ஒதுக்கிவிடாதீர்கள். சரக்கை எடுக்கும் நாளில் அது ரொக்கமாகக் கையில் இருந்தாக வேண்டும்.

எஃப்ஓபியில் வாங்குபவர்கள் கவனிக்க: கப்பல் வாடகைக்கு ஆதாரம் காட்டாவிட்டால் சுங்க மதிப்பீட்டு விதிப்படி எஃப்ஓபி விலையில் 20% வாடகையாகச் சேர்த்துவிடுவார்கள். காப்பீட்டுக்கு ஆதாரம் இல்லையென்றால் 1.125%. 5 லட்சம் சரக்குக்கு ஒரு லட்சம் கற்பனை வாடகை, அதற்கும் வரி! ஃபார்வர்டரிடம் ஒரு வாடகைச் சான்று வாங்கி வைத்தால் போதும்.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்பது எட்டு இலக்க எச்எஸ் எண்ணை (பொருளை வகைப்படுத்தும் சுங்க எண்) பொறுத்தது. முதல் ஆறு இலக்கங்கள்தான் எல்லா நாட்டுக்கும் பொது, கடைசி இரண்டு நம் நாட்டுக்கே உரியவை. சீன சப்ளையர் தரும் எண்ணை அப்படியே போட வேண்டாம். இன்வாய்ஸில் ‘கிச்சன் ஐட்டம்’ என்று மொட்டையாக எழுதவும் விடாதீர்கள். 2020-இலிருந்து முகமறியா மதிப்பீடு வந்துவிட்டது. உங்கள் பில் ஆஃப் என்ட்ரியை (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் பத்திரம்) பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருப்பார், அவருக்குத் தெரிவது திரையில் உள்ள எழுத்து மட்டும்தான். என்ன பொருள், எதனால் ஆனது, எதற்குப் பயன்படும், என்ன மாடல் என்று எழுதியிருந்தால் பாதிக் கேள்விகள் எழாது.

பாத்திரக்கடை என்பதால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி 2024-இல் ஆணை வந்தது. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். இந்த முத்திரைக்கான உரிமத்தைப் பெற வேண்டியவர் அங்கே உற்பத்தி செய்பவர்; சரக்கு சென்னை வந்து இறங்கிய பின் நீங்கள் ஓடி வாங்கக்கூடிய காகிதம் அல்ல. பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், தேதிகள் தள்ளிப்போகும். எனவே முன்பணம் அனுப்பும் நாளன்று உங்கள் பொருள் ஒவ்வொன்றுக்கும் பார்த்துவிடுங்கள். ஒரு பார்ட்டிக்கு அவருடைய சப்ளையர் அன்பாக ஒரு பெட்டி நிறையப் பொம்மை போட்ட சாவிக்கொத்துகளை இலவசமாக வைத்து அனுப்பினார். இன்வாய்ஸில் அது இல்லை. திறந்து பார்த்த அன்றைக்கு அந்தப் பெட்டி மட்டும் நிற்கவில்லை, மொத்தச் சரக்கும் நின்றது. இலவசம் எதுவும் வேண்டாம் என்று சப்ளையருக்கு எழுத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

சில்லறையாக விற்கப்போகும் பெட்டிகளில் எம்ஆர்பி, இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான மாதம், ஆண்டு, நாடு எல்லாம் இருக்க வேண்டும். ஸ்டிக்கரை அங்கேயே ஒட்டச் சொன்னால் காசு குறைவு. இங்கே கிடங்கில் ஆள் வைத்து ஒட்டினால் கூலியும் நாளும் போகும். மரப்பலகை, மரச்சட்டம் வைத்துக் கட்டியிருந்தால் அதில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான அடையாளம்) இருக்கிறதா என்று ஃபோட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

ஆவணங்களில் ஐஇசி (இறக்குமதி, ஏற்றுமதி செய்பவருக்கான பதிவு எண்) எளிது: டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் 500 ரூபாய், உங்கள் பான் எண்ணேதான் ஐஇசி எண். வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் தளத்தில் புகுந்து உறுதிசெய்யாவிட்டால் முடக்கிவிடுவார்கள். சரக்கு நடுக்கடலில் இருக்கும்போது இது தெரியவந்து அலறுபவர்கள் எல்லா வருடமும் உண்டு. பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும், ஞாயிறு, பண்டிகை என்று விலக்கு இல்லை. தாமதமானால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், அதற்கு மேல் தினம் 10,000. சப்ளையர் ஆவணங்களை அனுப்பாமல் இழுத்தடித்தாலும் அபராதம் உங்களுக்குத்தான். அதற்கு இடம் தராமல், முன்பணம் போகப் பாக்கி 70% பணத்தைப் பிஎல் நகல் வந்ததும் அனுப்பிவிடுங்கள், இரண்டு நாள் தள்ளிப்போட்டு வட்டி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

அந்தப் பணம் அனுப்பும்போது ஒன்று. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதுக் கணக்குக்கு அனுப்பவும்’ என்று மின்னஞ்சல் வந்தால் அனுப்பாதீர்கள். அவர் முகவரி மாதிரியே இருக்கும், ஓர் எழுத்து மாறியிருக்கும். முதலில் பேசிய எண்ணில், வீடியோ அழைப்பில் அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். எல்லாம் முடிந்தபின் பில் ஆஃப் என்ட்ரியை வங்கிக்குக் கொடுத்துக் கணக்கை முடிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை பணம் அனுப்ப வங்கி முரண்டு பிடிக்கும்.

சிஐஎஃப்பில்தான் காப்பீடும் சேர்ந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். சிஐஎஃப், எஃப்ஓபி போன்ற சொற்களுக்கு விளக்கம் தரும் சர்வதேச விதியான இன்கோடெர்ம்ஸ் 2020-இன்படி சிஐஎஃப்பில் அவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்சப் பாதுகாப்பு மட்டுமே, ‘சி’ வகை. கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் கிடைக்கும். திருடு போனாலோ மழையில் நனைந்தாலோ கிடைக்காது. எல்சிஎல் சரக்கு அங்கே ஒரு முறை, இங்கே ஒரு முறை, சிங்கப்பூரிலோ கொழும்பிலோ பெட்டி பிரித்துச் சேர்த்தால் இன்னொரு முறை என்று பலர் கைமாறி வருவது. அதற்கு வேண்டியது ‘ஏ’ வகை. நீங்களே இங்கே எடுத்தால் உங்களைப் போன்ற சின்னச் சரக்குக்குப் பிரீமியம் பெரிதாக வராது.

மூழ்குவதெல்லாம் நடக்குமா என்றால், 2025 மே மாதம் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640 கன்டெய்னர்களோடு கொச்சிக்கு அருகே மூழ்கியது நம் வாசலில்தான். சரக்குக்கு ஒன்றுமே ஆகாமலும் செலவு வரும். 2021-இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கியபோது கப்பல் உரிமையாளர் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவித்தார். கப்பலை மீட்ட செலவை அதில் சரக்கு வைத்திருந்த எல்லோரும் பங்கிட வேண்டும், பங்குக்கு உத்தரவாதம் தராமல் பெட்டி கைக்கு வராது. காப்பீடு இருந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். இல்லாதவர் தன் பணத்தை வைப்புத்தொகையாகக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

‘ஐஇசியே வேண்டாம், கிலோவுக்கு இவ்வளவு, வீட்டு வாசலில் இறக்கித் தருகிறோம்’ என்று வாட்ஸாப்பில் ஆட்கள் வருவார்கள். சரக்கு வேறு யாரோ பெயரில் வரும், உங்கள் பெயரில் பில் ஆஃப் என்ட்ரி இருக்காது, ஐஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியாது. வழியில் பிடித்தால் உங்கள் பொருள் என்று நிரூபிக்கக்கூடக் காகிதம் இல்லை. கடை வைத்து ஜிஎஸ்டி கட்டுகிறவருக்கு இது சரிப்பட்டு வராது.

கடைசியாக, நீங்கள் கேட்ட ‘தீபாவளிக்கு வருமா’ என்ற கேள்வி. சரக்கு தயாராக ஒரு மாதம். எல்சிஎல்லில் பெட்டி நிரம்பும் வரை காத்திருந்து, கப்பலேறி, சென்னையில் பிரித்து முடிய இன்னொரு மாதம். கிளியரன்ஸுக்கும் ஈரோடு லாரிக்கும் ஒரு வாரம், கேள்வி எழுந்தால் இரண்டு. ஜூலை முதல் வாரத்துக்குள் முன்பணம் போய்விட்டால் ஆயுத பூஜைக்கு முன் கடையில் அடுக்கலாம். ஆகஸ்ட் பாதியைத் தாண்டிவிட்டால் தீபாவளியை மறந்துவிட்டுப் பொங்கலுக்குத் திட்டமிடுங்கள். அப்போதும் அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய விடுமுறை, தொழிற்சாலை இயங்காது.