பிபிசி மைக்ரோவில் எம்எம்எஃப்எஸ் அப்டேட்: செட்டிநாட்டுக் கேள்விகளும் பதில்களும்

1980களின் பிரிட்டிஷ் கணினியான பிபிசி மைக்ரோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் காரைக்குடி வட்டாரத்தில் சில உண்டு. 1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு இந்த மெஷின் போனது. அப்படிப் பள்ளிக்கு வந்து, பிறகு கழித்துக் கட்டப்பட்டவை சில. மலேசியா, சிங்கப்பூரிலிருந்து பெட்டியோடு வந்தவை சில. ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதிலாக எஸ்டி கார்டை வைத்து ஓட்ட உதவும் மென்பொருள்தான் எம்எம்எஃப்எஸ். அது ஒரு ரோம் சிப்பாக, அதாவது பவர் போனாலும் அழியாத மெமரிச் சிப்பாக, மெஷினுக்குள் உட்கார்ந்திருக்கும். அதைப் புதுப்பிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தேவகோட்டை, ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்: என் மெஷினில் பழைய எம்எம்எஃப்எஸ் நன்றாகத்தான் ஓடுகிறது. புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று மாணவர் ஒருவர் சொன்னார். மாற்றத்தான் வேண்டுமா?

ஐயா, ஓடுகிறது என்றால் அவசரமே இல்லை. ஃபோனில் அப்டேட் வந்தால் அழுத்திவிடும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. இந்த மெஷினில் அப்டேட் என்றால் மூடியைக் கழற்றி, நாற்பது வருடப் பழைய சாக்கெட்டிலிருந்து ஒரு சிப்பைப் பிடுங்கி, வேறொன்றைச் செருகுவது. ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் சாக்கெட்டின் பிடி கொஞ்சம் தளரும். அதனால் காரணம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். புதிதாக வாங்கிய கார்டைப் பழைய பதிப்பு ஏற்கவில்லை, கார்டு அடாப்டரை மாற்றியிருக்கிறீர்கள், அல்லது உங்களுக்குத் தொல்லை தரும் ஒரு பிழையைப் புதிய பதிப்பில் சரிசெய்திருக்கிறார்கள்: இவைதான் நல்ல காரணங்கள்.

மாற்றினாலும் பழைய சிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ளதை முதலில் கணினியில் படித்து ஒரு ஃபைலாக வையுங்கள். அப்புறம் சிப்பின் மேல் பதிப்பு எண்ணை எழுதி ஒட்டி, கறுப்பு ஆன்டி ஸ்டாட்டிக் ஸ்பாஞ்சில் குத்தி வையுங்கள். புதியது சரிவராவிட்டால் ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: அண்ணே, உள்ளே எந்தப் பதிப்பு இருக்கிறது என்று மூடியைத் திறக்காமல் பார்க்க முடியுமா?

முடியும் தம்பி. ஸ்டார் குறி போட்டு ஹெல்ப் என்று அடியுங்கள். உள்ளே உள்ள ரோம்கள் ஒவ்வொன்றும் தன் பெயரையும் பதிப்பையும் சொல்லும். அதே பட்டியலில் ஓஎஸ் 1.20 என்று ஒரு வரி வருகிறதா என்றும் பாருங்கள், ஓஎஸ் என்பது மெஷினின் அடிப்படை மென்பொருள். மிகப் பழைய மெஷின்களில் 0.10 இருக்கும். அதில் முதலில் ஓஎஸ்ஸை மாற்றாமல் எம்எம்எஃப்எஸ்ஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கானாடுகாத்தான், ஆச்சி ஒருவர்: எங்கள் வீட்டுக்காரர் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த மெஷின். பூட்டிய வீட்டில் இரண்டாங்கட்டு அறையில் பல வருடமாகக் கிடக்கிறது. பேரன் அதில் கார்டு போட்டு ஓட்டலாம் என்கிறான். அப்படியே போட்டுப் பார்க்கலாமா தம்பி?

வேண்டாம் ஆச்சி. கார்டும் அப்டேட்டும் பிறகு. முதலில் பவர் சப்ளை. அதற்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டர்கள் இரண்டு இருக்கும்: ஒன்று 100 நானோஃபாரட், மற்றொன்று 10 நானோஃபாரட். வயதானால் அவற்றின் மேலுறையில் மயிரிழை விரிசல் விழும், அதன் வழியே ஈரம் இறங்கும். ஸ்விட்சைப் போட்ட சில நிமிடங்களில் புகையும் நாற்றமும் அறையை நிறைத்துவிடும். விலை குறைந்த பொருள்தான். ரேடியோ, டிவி பழுது பார்ப்பவர் யாரிடமாவது பவர் சப்ளையை மட்டும் கொடுத்து இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். அது 230 வோல்ட் நேரடியாக வரும் இடம், பேரன் கை வைக்கவே கூடாது.

மலேசிய மின்சாரமும் நம்முடையதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் ட்ரான்ஸ்ஃபார்மர் எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த ஊர் பிளக்கின் கால்கள் சதுரம், உள்ளே ஃப்யூஸ் இருக்கும். பிளக்கை வெட்டிவிட்டு நம்மூர் உருண்டைக் கால் பிளக்கைப் போட்டால் ஃப்யூஸும் போய்விடும். நல்ல அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வளவு வீடுகளில் பல அறைகளில் எர்த் கம்பியே கிடையாது.

கோட்டையூர்: புதிய ரோம் போட்டேன். 64 ஜிபி கார்டு வாங்கிச் செருகினேன். மெஷின் கார்டையே கண்டுகொள்ளவில்லை. ரோம் கெட்டுப்போனதா?

ரோம் மேல் பழி போடாதீர்கள். கார்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கப் பல முறைகள் உண்டு, 64 ஜிபி கார்டு கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். எம்எம்எஃப்எஸ்ஸுக்கு ஃபாட்16 அல்லது ஃபாட்32 வேண்டும். உங்களுக்கு அவ்வளவு பெரிய கார்டு எதற்கு? 511 டிஸ்க்குகள், ஒவ்வொன்றும் 200 கேபி, எல்லாம் சேர்ந்த பீப்.எம்எம்பி ஃபைலே சுமார் 100 எம்பிதான். வீட்டில் கிடக்கும் 2 ஜிபி, 4 ஜிபி கார்டு தாராளம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஃபைல் கார்டில் துண்டு துண்டாகச் சிதறாமல் ஒரே தொடராக இருக்க வேண்டும். ஒரு சிறு ரோம், ஃபைலின் துண்டுகள் எங்கெங்கே என்று குறித்து வைக்கும் ஃபாட் அட்டவணை முழுவதையும் துரத்திக்கொண்டு ஓட முடியாது. ஃபைல் எங்கே தொடங்குகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, அங்கிருந்து எண்ணிக் கணக்கிட்டுத்தான் படிக்கும். அதனால் கார்டைப் புதிதாக ஃபார்மட் செய்து, வேறு எதையும் போடாமல், அதையே முதலில் காப்பி செய்யுங்கள். படங்களும் பாட்டும் இருந்த கார்டில் இடம் ஒதுக்கிப் போட்டால், ஒரு டிஸ்க் சரியாக வரும், அடுத்த டிஸ்க்கில் குப்பை வரும். அப்டேட்டுக்குப் பிறகு கெட்டுவிட்டது என்று வரும் புகார்களில் இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

புதுவயல்: எம்எம்எஃப்எஸ் போட்டதிலிருந்து, கேசட்டில் நன்றாக ஓடிய என் பேசிக் ப்ரோகிராம் ‘நோ ரூம்’ என்கிறது. ப்ரோகிராமில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

நல்ல கேள்வி. பேசிக்கில் பேஜ் என்ற மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். டிஸ்க் எதுவும் இல்லாத மெஷினில் 3584 வரும். எம்எம்எஃப்எஸ் போட்ட மெஷினில் 6400 வரும். உங்கள் ப்ரோகிராம் மெமரியில் எங்கே தொடங்கலாம் என்பதைச் சொல்லும் எண் அது. டிஸ்க் வேலைக்குத் தேவையான இடத்தை எம்எம்எஃப்எஸ் கீழேயிருந்து எடுத்துக்கொள்வதால் 2816 பைட் போய்விடுகிறது.

இன்றைய கணக்கில் அது ஒன்றுமே இல்லை. பிபிசி மைக்ரோவின் பரவலான வகையான மாடல் பி-யின் மொத்த மெமரி 32 கேபி. திரை மோடு 0, 1, 2 ஆகியவற்றில் திரை மட்டும் 20 கேபி சாப்பிடும். மெமரியில் 12288க்கு மேல் எல்லாம் திரைக்கு. கேசட்டில் உங்களுக்கு 8704 பைட் கிடைத்தது. இப்போது 5888தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

வழிகள் உண்டு. மெஷினில் சைடுவேஸ் ராம், அதாவது ரோமுக்கான இடத்தில் உட்காரும் எழுதக்கூடிய மெமரி, இருந்தால், எம்எம்எஃப்எஸ்ஸிலேயே அதற்கென்று தனிப் பதிப்பு இருக்கிறது. தன் வேலைக்கான இடத்தை அந்த ராமுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பேஜ் மறுபடி 3584. என்னைக் கேட்டால், இந்த ஒரு காரணத்துக்காக அப்டேட் செய்வது முழுக்க நியாயம். ஆனால் அந்தப் பதிப்பைச் சாதாரண ரோம் சிப்பில் எழுதிச் செருகினால் வேலை செய்யாது, அது எழுதக்கூடிய இடத்தில்தான் உட்கார வேண்டும். பவர் போனால் சாதாரண ராமில் இருப்பது அழியும், மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சைடுவேஸ் ராம் இல்லை என்றால், ப்ரோகிராமை ஏற்றிய பிறகு அதைக் கீழே 3584க்கு நகர்த்திவிட்டு, டேப் நிலைக்கு மாறி ஓட்டும் பழைய வழி இருக்கிறது. கார்டிலிருந்து ஏற்றுவது ஒரே முறை, நடுவில் ஃபைல் எதையும் தொடாது என்றால் இது போதும்.

பள்ளத்தூர்: சிப் எழுதும் கருவி வாங்கியிருக்கிறேன். எந்த சிப் வாங்குவது? தரவிறக்கப் பக்கத்தில் ஒரே பெயரில் பல ஃபோல்டர்கள் இருக்கின்றன, எது எனக்கு?

ஃபோல்டரின் பெயர் உங்கள் அடாப்டரைப் பொறுத்தது. கீழே உள்ள 20 பின் யூசர் போர்ட்டில் செருகும் சாதாரண அடாப்டர் என்றால் யூ என்ற எழுத்துள்ளது. டர்போ எம்எம்சி என்ற வேறு வகை அடாப்டர் என்றால் டி. தவறானதைப் போட்டால் எதுவும் எரியாது, கார்டு மட்டும் தெரியாது.

அந்தக் காலத்து 27128 சிப்பை அழிக்க அல்ட்ரா வயலெட் விளக்கு வேண்டும். கண்ணாடி ஜன்னல் உள்ள பழைய சிப்பின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் அதில் உள்ளது அழிந்துவிடும், நம்மூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். புதிதாக எழுத டபிள்யூ27சி512 எடுங்கள். விளக்கு தேவையில்லை, கருவியே அழிக்கும். அது 64 கேபி சிப், நம் ரோமுக்கு 16 கேபிதான் இடம். ஒரே 16 கேபியை நான்கு முறை அடுத்தடுத்து வைத்து நிரப்பிவிடுங்கள். மெஷின் நான்கில் எந்தப் பகுதியைப் படித்தாலும் சரியானதே வரும். எழுதி முடித்ததும் வெரிஃபை செய்யாமல் எடுக்காதீர்கள்.

செருகும்போது, பக்கத்துச் சிப்புகளின் பள்ளம் எந்தப் பக்கமோ இதன் பள்ளமும் அதே பக்கம் இருக்க வேண்டும். திருப்பிச் செருகினால் சிப் செத்துவிடும். வலது ஓரத்தில் உள்ள ஐசி101 சாக்கெட்டுக்குத்தான் முதல் உரிமை. மெஷின் எழுந்ததும் கார்டுதான் வர வேண்டும் என்றால் எம்எம்எஃப்எஸ் அங்கே. ஃப்ளாப்பி முதலில் வேண்டும் என்றால் ஃப்ளாப்பியை ஓட்டும் ரோமான டிஎஃப்எஸ் அங்கே, எம்எம்எஃப்எஸ் அதற்கு இடப்பக்கம்.

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குபவர்: பார்க்க பிபிசி மாதிரியே இருக்கிறது, பெயர் மட்டும் யூனிகார்ன். இதற்கும் இதே அப்டேட்தானா?

நல்ல பொருள் கிடைத்திருக்கிறது. எஸ்சிஎல் நிறுவனம் இங்கே தயாரித்த பிபிசி மைக்ரோதான் அது. டால்ஃபின் என்று இன்னொன்றும் இந்தியாவில் வந்தது. முதலில் ஸ்டார் ஹெல்ப். ஓஎஸ் 1.20 என்று வந்தால் மாடல் பி-க்குச் சொன்ன எல்லாமே பொருந்தும். உள்ளே இருக்கும் ரோம் ஒவ்வொன்றையும் படித்து ஃபைலாகச் சேமித்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். இந்திய மெஷின்களின் ரோம்கள் பிரிட்டனில் எளிதில் கிடைக்காதவை.

சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்: என்னிடம் இருப்பது மாடல் பி-க்குப் பிறகு வந்த மாஸ்டர் 128. எம்எம்எஃப்எஸ் போட்டுத் தானாக வரும்படி அமைத்தேன். அடுத்த நாள் காலையில் எல்லாம் மறந்துவிடுகிறது.

மாஸ்டருக்கென்று உள்ள பதிப்பைத்தானே போட்டீர்கள்? அப்படியென்றால் ரோமில் குறையில்லை. எந்த ரோம் முதலில் வர வேண்டும் என்ற அமைப்பு பேட்டரியில் நிற்கும் மெமரியில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்திருக்கும். மின்வேதியியல் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கசிந்திருந்தால் போர்டில் தாமிரக் கோடுகள் பச்சை பிடித்திருக்கும், அதை முதலில் சுத்தம் செய்யுங்கள். பிறகு புது பேட்டரி போட்டு மறுபடி அமையுங்கள்.

ஆத்தங்குடி: இரண்டாவது ப்ராசஸரை இணைக்கும் ட்யூப் போர்ட்டில் ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியை வைத்திருக்கிறேன். அதையும் சேர்த்து அப்டேட் செய்ய வேண்டுமா?

தேவையில்லை, இரண்டும் தனித்தனி. பையைப் புதுப்பிக்க வேண்டும் என்று தோன்றினால், அதன் கார்டில் உள்ள ஃபைல்களை மாற்றினால் போதும்.

குன்றக்குடி: கார்டில் எழுதும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது ஒரு டிஸ்க் மட்டும் திறக்கவில்லை.

அந்த ஒரு டிஸ்க்கின் கேட்டலாக், அதாவது அதில் உள்ள ஃபைல்களின் பட்டியல், பாதியில் நின்றிருக்கும். மற்ற 510க்கும் ஒன்றும் ஆகாது. கணினியில் பீப்.எம்எம்பியின் பழைய காப்பி இருந்தால் அந்த டிஸ்க்கை மட்டும் அதிலிருந்து எடுத்துப் போடலாம். இனி, மாற்ற வேண்டாத டிஸ்க்குகளை ஸ்டார் டிலாக் கட்டளையால் பூட்டிவிடுங்கள். பூட்டிய டிஸ்க்கில் எதுவும் எழுதாது.

தேவகோட்டை ஆசிரியர், மறுபடி: பள்ளியில் அந்தக் காலத்தில் பிள்ளைகள் எழுதிய ப்ரோகிராம்கள் ஒரு பெட்டி ஃப்ளாப்பியில் இருக்கின்றன. அவற்றையும் கார்டுக்குக் கொண்டுவர முடியுமா? அப்டேட்டுக்கு முன்பா, பின்பா?

ஐயா, முன்பு. வேறு எதற்கும் முன்பு. எம்எம்எஃப்எஸ் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதிய ப்ரோகிராம் உலகத்திலேயே அந்த ஒரு ஃப்ளாப்பியில்தான் இருக்கிறது.

முதலில் ஒவ்வொன்றின் ஓரத்திலும் உள்ள வெட்டின் மேல் டேப் ஒட்டுங்கள். 5.25 அங்குல ஃப்ளாப்பியில் வெட்டை மூடினால் அதில் எதுவும் எழுத முடியாது. பிறகு நடுத் துளையில் பிடித்து மெதுவாகச் சுற்றி, தெரியும் பரப்பை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ மங்கலான படலமோ இருந்தால் பூஞ்சை. அதை டிரைவில் போடாதீர்கள், அந்த ஃப்ளாப்பியின் பரப்பும் உரியும், டிரைவின் ஹெட்டும் அழுக்காகி அடுத்த ஃப்ளாப்பியைக் கீறும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சில்லாத துணியால் மெல்லத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும்.

படிக்க, கிரீஸ்வீசில் என்ற சிறு போர்டை வாங்கி, 5.25 அங்குல டிரைவைக் கணினியோடு இணைப்பது நல்லது. பிபிசியில் ஒவ்வொரு ஃபைலாக ஏற்றிச் சேமிப்பதைவிட இது பத்திரம், ஃப்ளாப்பி முழுவதும் ஒரே ஓட்டத்தில் ஒரு படிம ஃபைலாக வந்துவிடும். பள்ளி டிரைவ் 40 ட்ராக்காக இருந்திருக்கலாம். 80 ட்ராக் டிரைவில் அதைப் படிக்க இரண்டிரண்டு ட்ராக்காகத் தாண்டச் சொல்ல வேண்டும். அந்தப் படிமங்களைப் புதிய எம்எம்பி ஃபைலில் சேர்த்துவிட்டால் கார்டிலிருந்து நேராக ஓடும். டிஸ்க் சிப்பை நேரடியாகத் தொடும் பாதுகாப்பு போட்ட வணிக டிஸ்க்குகள் மட்டும் ஓடாது. பிள்ளைகள் எழுதியதில் அந்தத் தொல்லை இருக்காது.

லேபிளில் உள்ள கையெழுத்தையும் படம் எடுத்து வையுங்கள். டிஎஃப்எஸ்ஸில் ஃபைல் பெயர் ஏழு எழுத்துதான், யார் எழுதியது என்பது பெரும்பாலும் லேபிளில் மட்டும் இருக்கும். துடைப்பதில் சந்தேகம் இருந்தால் பெட்டியை அப்படியே காரைக்குடிக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து செய்துவிடலாம்.